முயல் தெருவுக்கு ஒரு பெயர்ப்பலகை

"தெருவுக்கு நிக்கொலாவ் கொயெல்யோ பேர்தான். இந்தியாவுக்கு முதல் கப்பல்கள் போனப்ப கூடப் போன தளபதி. இதுல பேச என்ன இருக்கு?" பள்ளிக்கூட வாத்தியார் ப்ருதென்சியோ மேஜையைத் தட்டினார்.

"துவார்த்தேவுக்கு என்ன குறைச்சல்? பிரேசில்ல ஒரு சீமையையே ஆண்டவன்" என்றார் மருந்துக்கடை காலிஷ்டோ. "இன்னொருத்தனை விட்டுட்டீங்களே வாத்தியாரே. இளவரசனோட காதலியைக் குத்தினானே பேரோ, அவனும் கொயெல்யோதான்."

எல்லாரும் சிரித்தார்கள். போர்த்துக்கீசிய மொழியில் கொயெல்யோ என்றால் முயல். பிடிபட்ட பேரோவைப் பார்த்து, 'இந்த முயலுக்கு வெங்காயமும் வினிகரும் கொண்டு வாங்க' என்று, அதற்குள் ராஜாவாகிவிட்ட அந்த இளவரசன் சொன்னதாகக் கதை. அந்தப் பெயரோடு பிறந்த யாரும் பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்காமல் தப்ப முடியாது.

ஓரத்தில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த எர்மெலிந்தா கொயெல்யோவும் தப்பவில்லை. முப்பத்தோரு வருஷமாக அவள் நகரசபை டைப்பிஸ்ட். ஓட்டுக் கிடையாது. அவர்கள் பேசிக்கொண்டிருந்தது அவள் பிறந்த தெருவைப் பற்றி.

அங்கே பலகையில் ஒரு ஜெனரலின் பெயர் இருந்தது. புரட்சிக்குப் பிறகு கழற்றிவிட்டார்கள். பலகை இருந்த நாளிலும் யாரும் ஜெனரலைச் சொன்னதில்லை. 'ருவா து கொயெல்யோ', கொயெல்யோவோட தெரு, என்றார்கள், அவளுடைய அப்பா அமாரோவை வைத்து. ஊர் வாயில் கொயெல்யோ இருப்பதால் சரித்திரத்திலிருந்து தகுந்த கொயெல்யோ ஒருவனைப் பிடித்துப் போட்டுவிடலாம் என்பது வாத்தியாரின் யோசனை.

அமாரோ அங்கே மதுக்கடை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் முயல் கறி. ஆலிவ் எண்ணெயில் பூண்டு வதங்கும் வாசனை சிறுமியாக இருந்த அவளை இரண்டு தெரு தள்ளி வரும்போதே பிடித்துக்கொள்ளும், ஓட ஆரம்பித்துவிடுவாள். "சொந்தக்காரனையே கொதிக்க வைக்கிறியேடா பாவி" என்று யாராவது தொடங்குவார்கள். அப்பா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்காளுங்கள்ல ஒருத்தன் இந்தியா போனான், ஒருத்தன் பிரேசில் போனான், ஒருத்தன் கொலை பண்ணான். வீட்டுல இருந்து உங்களுக்குச் சோறு போட்டவன் நான் ஒருத்தன்தான்" என்பார். கடை இருந்த இடத்தில் இப்போது தையல் மெஷின் விற்கிறார்கள். அப்பா மிஞ்சியிருந்தது தெருவின் பெயரைச் சொல்லும் வாய்களில்தான்.

ஓட்டு இரண்டுக்கு இரண்டு. தலைவர் லொபாத்தோவுக்குப் பசி. "ருவா கொயெல்யோன்னு மட்டும் போடுங்க. அவங்கவங்க ஆளை நினைச்சுக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

பலகை செய்பவர்களுக்கான கடிதத்தை அடிக்கும்போது எர்மெலிந்தாவின் விரல் நின்றது. 'து' இல்லாவிட்டால் அது சரித்திரத்து மனிதரின் தெரு. 'து' இருந்தால் பக்கத்து வீட்டுக்காரனுடையது. அல்லது முயலுடையது. அவள் 'து'வுக்கான இரண்டு ரோமன் எழுத்துகளையும் சேர்த்து அடித்தாள்.

லொபாத்தோ கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

"தோனா எர்மெலிந்தா, இந்த 'து' எங்கேருந்து வந்துச்சு?"

"அப்படித்தானே எல்லாரும் சொல்றாங்க, தலைவரே."

"முயலுக்குப் பலகை வெச்சியான்னு வாத்தியார் என்னை உரிச்சுத் தொங்க விடுவாரு."

"டைப்பிஸ்ட் தப்புன்னு சொல்லிடுங்க."

"முப்பது வருஷத்துல நீங்க ஒரு தப்பு பண்ணதில்லையே."

"அப்போ ஒண்ணு பாக்கி இருக்கு."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அமாரோ எனக்குத் தொடைக்கறியாப் பார்த்துப் போடுவாரு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கடிதம் தபாலில் போனது. எர்மெலிந்தா தண்ணீர் இணைப்பு அறிவிப்புகள் நாற்பது அடித்தாள். மதியம் மழை பெய்தது. வாத்தியார் குடையோடு வந்து கூட்டக் குறிப்பின் நகல் கேட்டார். கொடுத்தாள். அதில் 'து' இல்லை. படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.