பூட்டிய பின்வாசல்

சென்ற மாதம் கணவருடன் ஒரு பெரிய பொது நூலகத்துக்குப் போயிருந்தேன். படித்துக்கொண்டிருந்தபோது முன்வாசலில் மின்கசிவு ஏற்பட்டுப் புகை சூழ்ந்தது. எங்கள் காரைக்குடி வீடுகளில் முன்வாசலுக்கு நேராகவே பின்வாசல் இருக்கும். அந்தப் பழக்கத்தில், ஆஸ்துமா உள்ள அவரை நேராக உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினேன். 'வெளியேறும் வழி' என்ற பலகையும் அங்கிருந்த பின்கதவின் மேல்தான் இருந்தது. கதவில் பெரிய பூட்டு தொங்கியது. அவர் மூச்சுக்குத் திணறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

புகை அடங்கி அவருக்கு மூச்சு சீரானபின் நூலக ஊழியர் ஒருவர் வந்தார்.

"அங்குட்டு ஏன் போனீக? அது எப்பவும் பூட்டித்தான் கெடக்கும்."

"அப்பப் பலகை எதுக்கு?"

"அது இருந்தாத்தானே கட்டடத்துக்கு அனுமதி குடுப்பாக."

இப்போதெல்லாம் எந்தப் பெரிய கட்டடத்துக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் பின்கதவைத் தள்ளிப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றுகூடத் திறக்கவில்லை.