கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தவர்

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டில், காஜா பெராங் பகுதியில் வரைபட அலுவலகமொன்றில் என்னோடு வேலை பார்த்தார் ஓர் ஒல்லி மனிதர். ஒரே பாலத்தைச் சிவப்பு மையில் வரைந்து, சற்றே தள்ளி நீல மையிலும் வரைவார். சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைக் கண்ணாடியில் பார்த்தால் பாலம் எழுந்து நிற்கும். அவர் மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதை இடம் வலமாகத் திருப்பிப் பிடித்து மறுபடி பார்ப்பார். இடக்கண் பார்வை போனவர். ஒவ்வொரு நிறமாகத்தான் சரிபார்க்க முடியும்.

"எழுந்து நிக்கிறது உனக்கே தெரியாது லா. ரெண்டு கண்ணுள்ள இவன் வரையட்டும்" என்று எழுத்தர்களுக்கெல்லாம் மேலான தலைமைக் கிராணி என்னைக் காட்டினார்.

ஒல்லி மனிதர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுதான் ஐயா. ரெண்டு கண்ணுள்ளவங்க வரைஞ்சதெல்லாம் ஏன் இன்னும் படுத்தே கிடக்குது?"

நான் என் வரைபடத்தை மெல்லக் கவிழ்த்து வைத்தேன்.