கை சோர்ந்த பிள்ளை

நான் இட்டுக்கட்டியவற்றுள் அதிகம் பேரைச் சென்றடைந்தது பன்னிரண்டாம் வயதில் சொன்ன ஒரு பொய்தான். பிறகு எழுதிய எதற்கும் அந்த வரவேற்புக் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலேர்மோ நகரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் செங்கண்மாரி எனும் மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட்டார்கள். எனக்கு ஊசியென்றால் பயம். கபோ சந்தைப் பக்கம் ஊசி போட்ட ஒரு பிள்ளைக்குக் கை சோர்ந்துவிட்டதென்று வகுப்பிலிருந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளையிடம் சொல்லிவைத்தேன். பயப்படுவதற்கு ஒரு துணை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் பெண்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. பொலிதேயாமா சதுக்கத்தில் கூடிக் கதைப்பார்கள். அந்த வியாழன் அம்மா முகம் வெளிறி வந்தார். மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்களாம்: கபோப் பிள்ளைக்குக் கை மட்டுமல்ல, காலும் சோர்ந்துவிட்டது. கால் நான் சொல்லாதது. ஆகவே இது உண்மையாகவே வேறொரு பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்கும் பயம் பிடித்தது.

அந்த மாதம் கைக்குழந்தையான தம்பிக்கும் ஊசி. கொண்டுபோகமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். விசர்க் கதை என்று அப்பா கத்தினார். அவர் கத்தக் கத்த அம்மா தம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

எங்களோடிருந்த பெரியம்மா கத்தவில்லை. கேட்டால் யாருக்கும் பயம் வரும்தான் என்று அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அந்த மூன்று பேரையும் தேடிப்போய், யார் சொன்னது என்று விசாரித்தார். மூவருக்கும் சொன்னது என் வகுப்புத் தோழியின் தாய். தாய்க்குச் சொன்னது தோழி. அதற்குமேல் அவர் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை.

"நீயேடி சொன்னனீ?" என்றார், குசினி அடுப்படியில் வைத்து.

"ஓம் பெரியம்மா. ஆனா இப்ப எல்லாரும் சொல்லினமே. உண்மையா இருந்தால்?"

பெரியம்மா சிரிக்கவில்லை.

ஊசிக்குப் பயந்த ஒரு பிள்ளை கட்டிய கதை, மூன்று வாயால் வந்தாலும் புறப்பட்டது ஒரு வாயிலிருந்துதான் என்று அம்மாவிடம் சொன்னார். எந்தப் பிள்ளை என்று அம்மா கேட்டார். நான் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அது ஏன் இப்ப? ஊசி போட்டால் நோகும். காய்ச்சலும் காயலாம். ரெண்டு நாளிலை விட்டிடும். கை சோராது. முதல் இவளுக்குப் போடுவம், நீயே பார்."

நொந்தது, காய்ச்சல் காய்ந்தது, விட்டது. சொன்னபடியே நடந்ததில் அம்மாவின் பயம் பாதி போனது. மீதி, நான் நாளுக்கு நாற்பது தரம் கையைத் தூக்கிக் காட்டியதில் போனது. தம்பிக்கும் போட்டாயிற்று.

அடுத்து வந்த வியாழன் அம்மா எங்கள் எல்லோரையும் பொலிதேயாமாவுக்குக் கூட்டிப்போனார். "என்ரை கண்ணாலை கண்டனான். அது ஆரோ பயந்த பிள்ளையின்ரை கதை" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். ஒவ்வொருவருக்கும் நான் கையைத் தூக்கவேண்டியிருந்தது. ஒருத்தி, தன் மகனுக்கும் போடுவிக்க எங்கே போகவேண்டும் என்று கேட்டாள்.

பெரியம்மா இதையெல்லாம் முதல்முறை கேட்பவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அலைந்து கண்டுபிடித்தவர் அவர். பெயர் வாங்கியதோ அம்மா. பாவம், பெரியம்மாவுக்குக் கதைக்கத் தெரியாது என்றுதான் அன்று நினைத்தேன்.