அம்பு ஒட்டிய கதவுகள்

ஆம்பூரில் ஒரு இன்டீரியர் கம்பெனியின் கிடங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். வீடு, கிளினிக், துணிக்கடை என்று எங்கள் ஆட்கள் எங்கே வேலை எடுத்தாலும், அதற்கான பிளைவுட், கண்ணாடி, விளக்கு, சோபா எல்லாம் முதலில் என்னிடம்தான் வந்து இறங்கும். முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். அவர் குடும்பத்தின் தோல் பதனிடும் டேனரி மூடிய பிறகு அதே கட்டடத்தில் தொடங்கிய வியாபாரம் இது. தோல் காயப்போட்ட உயரமான கொட்டகையில் இப்போது கதவுகள் நிற்கின்றன. காற்று நன்றாக வரும். மரத்துக்கும் அது நல்லது, எனக்கும் நல்லது.

கிடங்கு வேலை என்றால் சாமானை உள்ளே வைத்துப் பூட்டுவது என்றுதான் என் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். பூட்டுவதெல்லாம் கடைசி. லாரி வாசலில் நிற்கிற அந்த அரை மணி நேரம்தான் என் வேலை. எண்ண வேண்டும், பிரித்துப் பார்க்க வேண்டும், உடைந்திருந்தால் டிரைவர் கையில் இருக்கும் சலானிலேயே எழுத வேண்டும். ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் சாமான் நம்முடையது, அதிலிருக்கும் கீறலும் நம்முடையது. டிரைவருக்கோ அடுத்த ஊருக்குப் போகிற அவசரம். இந்த இழுபறியை ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாமல்தான் பாயிடம் ஓர் ஆள் கேட்டேன்.

அப்படி வந்தவர் அந்த அக்கா. ஷூ ஃபேக்டரியில் கடைசிச் செக்கிங்கில் பதினோரு வருஷம் இருந்தவர். அவருடைய லைனை மூடிவிட்டதால் நான்கு மாதம் வீட்டில் இருந்தார். கணவர் இல்லை, காலேஜ் போகிற மகள் ஒருத்தி. ஒரு மாதம் பார்க்கலாம், சரிப்படவில்லை என்றால் வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று பாய் சொல்லியிருந்தார். அக்காவுக்கும் அது தெரியும்.

ஷூ செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. தோலில் சுருக்கமோ தையலில் பிசகோ கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். அம்பு பார்க்கிற இடத்தில் பழுது. வாயால் சொல்ல வேண்டியதில்லை, அடுத்த மேசைக்குத் தானே புரிந்துவிடும். அக்கா வந்த இரண்டாம் நாளே ஒரு கண்ணாடி அலமாரியில் அம்பு ஒட்டினார். நான் தேடியும் கிடைக்காத கீறல் அங்கே இருந்தது. எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், பஜாரில் ஷூ சாமான் விற்கும் கடையில் நானே ஒரு ரோல் அம்பு வாங்கிவந்து கொடுத்தேன். எங்கே சந்தேகம் வந்தாலும் ஒட்டுங்கள் என்றும் சொன்னேன். பின்னால் நடந்ததில் என் பங்கு எவ்வளவு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அக்கா சேர்ந்த மூன்றாம் வாரம், வேலூரில் ஒரு டாக்டர் தம்பதியின் வீட்டுக்கான வார்ட்ரோப் கதவுகள் வந்தன. பதினாறு கதவு, எட்டு ஜோடி. தேக்கை ஏடு ஏடாகச் சீவி பிளைவுட் மேல் ஒட்டியவை. பாலிஷ் போடாத வெறும் மரம். வீட்டில் மாட்டிய பிறகுதான் பாலிஷ். ஒரு ஜோடிக்கு ஒரே கட்டையின் அடுத்தடுத்த ஏடுகளை எடுத்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், விரித்த புத்தகம் மாதிரி ரேகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

வேறொரு சைட்டிலிருந்து போன் வந்ததால் நான் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கதவுகளுக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. கணு இருக்கும் இடமெல்லாம் அம்பு. நிறம் கொஞ்சம் மாறின இடமெல்லாம் அம்பு. டிரைவர் கைகட்டி நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், மரத்துல கணு இருக்குன்னு ரிஜெக்ட் பண்ற ஊர இப்பதான் பாக்கறேன்.”

எங்கள் கம்பெனி டிசைனர் மேடத்துக்குப் படம் அனுப்பினேன். கணுவும் ரேகையும் இருப்பதால்தான் டாக்டரம்மா இந்த மரத்தையே தேர்ந்தெடுத்தார், உடனே அம்பு எல்லாவற்றையும் எடுங்கள் என்று பதில் வந்தது. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஷூவில் இவ்வளவு இருந்தால் லாட்டே திரும்பிப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே முதல் அம்பை உரித்தார். அம்பு வந்தது, பசை வரவில்லை. பளபளப்பு ஏற்றிய தோலில் ஒட்டி எடுப்பதற்கான ஸ்டிக்கர் அது. வெறும் மரம் பசையைக் குடித்துவிட்டது. நாங்கள் உரிக்க உரிக்க, அம்பு அளவுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிசுபிசுப்புத் தடம். அதன் மேல் பாலிஷ் போட்டால் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரியும்.

டிரைவர் சலானை நீட்டினார். சரக்கு இறக்க வந்த ஆள் என் காதருகே வந்து, வரும்போதே கறையோடு வந்தது என்று எழுதிவிடச் சொன்னார். அனுப்பிய கம்பெனி பார்த்துக்கொள்ளும், அக்காவும் தப்பிப்பாள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கா அதைக் கேட்டார், என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா என்னிடம் நீட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார். நான் படித்துச் சொல்வதுதான் அவருக்கு அந்தக் காகிதம். நான் மாற்றிச் சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அதனாலேயே நான் மாற்றிச் சொன்னதில்லை. சலானில் எழுதினேன்: கதவு பதினாறு, நல்ல நிலையில் பெறப்பட்டது. டிரைவர் வாங்கிப் படித்துவிட்டு, ஒரு தடவை கதவுகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

லாரி போனபிறகு அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கையெழுத்தில் நான் காப்பாற்றியது என் மனசாட்சியைத்தான், அவருடைய வேலையை அல்ல. நான்தான் ஒட்டச் சொன்னேன் என்று பாயிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“நீ சொன்ன, நான் ஒட்னேன். ரெண்டு பேரும்தான். மொதல்ல இத எடுக்கற வழியப் பாப்போம் தம்பி.”

எங்கள் கார்ப்பெண்டர், பெயிண்ட் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைக்கலாம் என்றார். அக்கா தடுத்துவிட்டார். தின்னர் பசையைக் கரைத்து மரத்துக்குள்ளே இன்னும் கீழே இறக்கிவிடும், பிறகு கடவுளாலும் எடுக்க முடியாது என்றார். பர்ஸை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பஜாருக்குப் போனவர், முக்கால் மணி நேரத்தில் மஞ்சளாக, சோப்புக் கட்டி மாதிரி நான்கு துண்டுகளோடு வந்தார். கிரேப் ரப்பர். ஷூவில் அடிப்பாகம் ஒட்டும்போது வழிகிற பசையைத் தேய்த்தெடுக்க வைத்திருப்பார்கள். முதலில் ஒரு கதவின் உள்பக்கத்தில் ஓர் அம்பை வேண்டுமென்றே ஒட்டி உரித்து, ரேகை ஓடும் திசையிலேயே மெதுவாகத் தேய்த்தார். பசை அழுக்கு மாதிரி திரண்டு உருண்டையாக வந்தது. நான்கைந்து தேய்ப்பில் விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. கார்ப்பெண்டர் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவை இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பாய் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். மூன்று கதவு முடிந்திருக்கிறது, பதின்மூன்று பாக்கி என்றும் சொன்னேன். அவர் நேராகக் கொட்டகைக்கு நடந்தார். முடிந்த கதவு ஒன்றை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார், கையை அகல விரித்துத் தடவினார்.

“ஏம்மா, கணு எது, பழுது எதுன்னு தெரியாதா?”

“நேத்து வரிக்கும் தெரியாது பாய். இன்னிக்குத் தெரியும். ஆனா அந்த ரெண்டும் ஜோடி இல்ல. அதுல நான் தப்பு சொல்லல.”

அக்கா காட்டிய கதவுகளில் இரண்டுக்கும் பின்னால் ஒரே எண் எழுதியிருந்தது. பக்கத்தில் வைத்தால் ஒன்றின் ரேகை மேலே போனது, இன்னொன்றுடையது பக்கவாட்டில் சாய்ந்து ஓடியது. ஜோடி சேரவில்லை என்று முந்தின நாள் அவர் அந்த இரண்டிலும் ஒட்டிய அம்பை, கணுக்களின் கூட்டத்தில் நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. பாய் குனிந்து பார்த்தார். பிறகு மேடத்தை வரச் சொன்னார்.

மேடம் வருவதற்குள் அக்கா பதினாறு கதவையும் கொட்டகையின் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கச் சொன்னார். நானும் கார்ப்பெண்டரும் தூக்கினோம். அவர் வரிசையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார், எண்ணைப் பார்க்கவே இல்லை. இதை எடு, அதுக்குப் பக்கத்துல வை. ஷூவில் இடதையும் வலதையும் சேர்க்கிற கண் அது. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் எட்டு ஜோடியும் சேர்ந்துவிட்டன. அனுப்பிய இடத்தில் இரண்டு ஜோடிக்கு எண் மாற்றி எழுதியிருந்தார்கள். எண்ணை நம்பி மாட்டியிருந்தால் டாக்டரம்மாவின் படுக்கையறையில் இரண்டு வார்ட்ரோப் ஒட்டாமல் நின்றிருக்கும். பாலிஷும் போட்ட பிறகு யாரைக் குறை சொல்வது? மேடம் வந்து பார்த்துவிட்டு எண்களை அடித்து, சாக்பீஸால் புதிதாக எழுதினார்.

பாய் காருக்குப் போகும் வழியில் என்னைக் கூப்பிட்டு, இனி சாமான் மேல் எதையும் ஒட்டக்கூடாது, தாளில் எழுதுங்கள் என்றார். அக்காவின் வேலையைப் பற்றி என்ன சொல்வாரோ என்று நான் அங்கேயே நின்றேன். கார் கதவைத் திறந்தவர் திரும்பினார்.

“அடுத்த மாசம் மார்பிள் வருது. இந்தம்மா பாத்தா லாரிக்காரன் நாள் பூரா நிக்கணும். லாரியக் காலைல எட்டு மணிக்கே வரச் சொல்லிடு.”

அடுத்த மாதம் என்ற அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா தரையில் உட்கார்ந்து ஏழாவது கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கை ஒரு நொடி நின்று, மறுபடி தேய்த்தது.

“மார்பிள்ல கோடு கோடா இருக்குமே?”

அது பழுதில்லை, இயற்கையாகவே அப்படித்தான் இருக்கும், அதுதான் அதற்கு அழகு என்று முந்தின நாள் மேடம் மரத்தைப் பற்றி எனக்குச் சொன்ன மாதிரியே விளக்கினேன். அக்கா ரப்பர்த் துகளை ஊதித் தள்ளினார்.

“நீ சொல்லிட்ட. வரட்டும், நான் பாத்துட்டுச் சொல்றேன்.”