என் மடிக்கு வந்த பூனைக்குட்டி

எங்கள் தேங்காய்க் களத்தில் பூனைகளை யாரும் வளர்க்கவில்லை, வேலைக்கு வைத்திருந்தோம். தேங்காயை உடைத்து வெயிலில் காயப்போட்டு, பருப்பை எண்ணெய் மில்லுக்கு அனுப்புவது காங்கேயத்தில் அப்பாவின் தொழில். பருப்பு இருந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வேண்டும். ஆனால் அந்தப் பூனையை ஒருவரும் கொஞ்சக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். கொஞ்சின பூனை எலியைக் கண்டால் எழுந்து வழிவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். மதியச் சோற்றில் ஒரு கவளத்தைப் பூனைக்கு வைத்ததற்காகச் சாக்குத் தைக்கிற ஆள் ஒருவரை வேலையை விட்டே நிறுத்தியிருக்கிறார். அதனால் எங்கள் பூனைகள் மனிதரைக் கண்டாலே தலைதெறிக்க ஓடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே களத்துக்கு ஓடினேன். உடைக்கிற கொட்டகையில், அடுக்கி வைத்த சாக்குகளுக்குப் பின்னால் சாம்பல் பூனை மூன்று குட்டிகள் போட்டிருந்தது. நான் பார்க்கும்போதே அவை துள்ளி விளையாடும் அளவுக்கு வளர்ந்திருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளையில் தவிட்டு நிறத் திட்டுகள். ஐயோ, எனக்கு ஒன்று வேண்டும்! வேண்டும் என்றால் வேண்டும்தான். இரண்டு நாள் அப்பாவின் பின்னாலேயே நடந்து நச்சரித்தேன். மூன்றாம் நாள் அவர் பொறுமை போய்விட்டது.

"தானா வந்து உம் மடியில ஏறுச்சுன்னா ஊட்டுக்கு எடுத்துக்கோ கண்ணு. இல்லீன்னா ஞாயித்துக்கெழம மூணும் பவானிக்குப் போயிரும்" என்றார்.

பவானியில் மாமா ஜமக்காளத் தறி வைத்திருந்தார். அங்கே எலிகள் நூலைக் கடித்து அட்டகாசம் செய்தன. குட்டிகளைப் பிடித்துப் போக ஞாயிற்றுக்கிழமை சாக்கோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று புதன்கிழமை. எனக்கு இருந்தது நான்கே நாள்!

அண்ணனும் போட்டிக்கு வந்துவிட்டான். கறுப்பு அவனுக்கு, மீதியில் எது வந்தாலும் எனக்கு. பால் வைத்தோம், தோசையைப் பிய்த்துப் போட்டோம், பூனை மாதிரியே கத்திப் பார்த்தோம். நாங்கள் பத்தடி தள்ளிப் போனால் வந்து குடிக்கும். ஓரடி நெருங்கினால் மாயம். வியாழக்கிழமை அண்ணன் பொறுமை இழந்து பாய்ந்து கறுப்பைப் பிடித்தான். அது அவன் முழங்கை வரைக்கும் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டது. நான் சிரித்த சிரிப்பில் பால் கிண்ணம் கவிழ்ந்தது.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம். குட்டிகளின் அப்பன் களத்தில் திரிகிற காது கிழிந்த கடுவன் பூனை, அதன் குணம் ரத்தத்தில் இறங்கியிருக்கிறது என்றான் அண்ணன். வெள்ளை கலந்த பூனை சாதுவாக இருக்கும் என்றார் அம்மா. என் கருத்து வேறு. என் நல்ல மனசு பூனைகளுக்கு இன்னும் தெரியவில்லை, தெரிந்ததும் ஓடி வந்துவிடும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் கிண்ணத்தோடு கொட்டகையில் குந்தியிருந்தேன். பக்கத்தில் உடைக்கிற அக்கா. எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். அரிவாளால் ஒரே போடு, தேங்காய் இரண்டு பாதியாக விழும். காலை ஏழு மணியிலிருந்து பொழுது சாய்கிற வரை அந்தச் சாக்குகளின் பக்கத்தில்தான் அவருக்கு வேலை, அங்கேயே சாப்பாடு. அன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

சாக்கின் இடுக்கில் தவிட்டுத் திட்டு தெரிந்தது. கிண்ணத்தை மெதுவாக முன்னால் தள்ளினேன். குட்டி வெளியே வந்தது, சோம்பல் முறித்தது, வாலை நேராகத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து நடந்து வந்தது. ஓடவில்லை, பதுங்கவில்லை, நடந்து வந்தது! என் கிண்ணத்தைத் தாண்டியது. நேராக அக்காவின் மடியில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, சுருண்டு படுத்தது.

அக்கா ஒரு தரம் வாசலைப் பார்த்தார். குட்டியை இரு கையாலும் அள்ளி என் மடியில் வைத்தார். பிறகுதான் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க மொதலாளி, இங்க பாருங்க! அம்மணி மடியில வந்து படுத்துக்கிச்சுங்க!"

அப்பா திரும்பினார். என் மடியில் பூனை, அதுவும் கண்ணை மூடிக் குர்ர் குர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு. நான் போட்ட கூச்சலுக்கு அது எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. "எம்புள்ளைக்குக் கைராசி!" என்று அப்பா எடை போட வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குட்டி முதலில் ஏறியது அக்காவின் மடியில் என்பதை நானே கண்ணால் பார்த்தேன். பார்த்து என்ன? வழியில் இருந்த மடி என்று அதைத் தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து மற்ற இரண்டையும் பிடிப்பதற்குள் கொட்டகை ரணகளமாகிவிட்டது. அவர் வேட்டி கிழிந்தது, இரண்டு சாக்குகள் சரிந்தன. நான் என் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி வேடிக்கை பார்த்தேன்.

குட்டி வீட்டில் பால்காரர், தபால்காரர் என்று எல்லோர் காலையும் உரசியது. பூனைகளோடு பல வருடம் இருந்த பிறகு எனக்கு இப்போது விஷயம் புரிகிறது. அண்ணன் சொன்ன அப்பன் குணமும் கொஞ்சம் உண்டு. ஆனால் கண் திறந்த முதல் சில வாரங்களில் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி மனிதரைத் தன் இனமாக எடுத்துக்கொள்கிறது. அந்த வாரங்களை நான் பள்ளிக்கூடத்தில் கழித்தேன். அந்தச் சாக்குகளின் பக்கத்தில் தினமும் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் ஒருவர்தான். அப்பாவுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தும் இந்த ஒன்றை மட்டும் எடுத்து மடியில் வைத்திருந்திருக்கிறார். என்னிடம் கொடுக்காவிட்டால் குட்டி பவானிக்குப் போய்விடும் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாமா வந்துபோன மறுநாள், திங்கட்கிழமை காலை, அக்காவிடம் காட்டிப் பெருமையடிக்கக் குட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அக்காவைப் பார்த்ததும் அது என் கையிலிருந்து குதித்து ஓடி, அவர் முழங்காலில் தலையைத் தேய்த்தது. அக்கா அரிவாளைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"தூக்கீட்டுப் போயிருங்க அம்மணி. இங்கெல்லாம் கொண்டாராதீங்க" என்றார், குட்டியைப் பார்க்காமலேயே.

எனக்கு முகம் சுண்டிப்போனது. வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அண்ணனிடமும் சொன்னேன், இந்த உலகத்தில் பூனையைப் பிடிக்காத ஒரே ஆள் அந்த அக்காதான் என்று. அதற்குப் பிறகு குட்டியை ஒரு நாளும் களத்துக்குக் கொண்டுபோகவில்லை.