சர்க்கரையை யாரிடம் விடுவது

எங்கள் வீட்டில் எலி வளர்த்தோம் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். பொறி வைத்துப் பிடிக்கிற எலி இல்லை. சிவந்த கண்களோடு, உடம்பெல்லாம் வெள்ளையாக இருக்கும் எலி. என் மாமா, அம்மாவின் தம்பி, சிதம்பரத்தில் ஒரு கல்லூரிச் சோதனைச்சாலையில் வேலையாக இருந்தார். அறுப்பதற்கென்று கொண்டுவந்த எலிகளில் மிஞ்சிப்போன ஒரு குட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, கடலூருக்கு வந்து என் கையில் விட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் புதுச்சத்திரத்தில் அலறி எழுந்து நின்றதாக அவரே சொன்னார்.

நான் அதற்குச் சர்க்கரை என்று பெயர் வைத்தேன். ஒரு பழைய சீமெண்ணெய்ப் பெட்டியின் வாயில் கம்பிவலை அடித்து அப்பா வீடு செய்து கொடுத்தார். நாக்கைத் தட்டி நான் ஓசை எழுப்பினால் சர்க்கரை வைக்கோலை விலக்கிக்கொண்டு வெளியே வரும். விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை ஏறி, ரவிக்கைக் கைக்குள் புகுந்து தோளில் படுத்துக்கொள்ளும். எனக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரும் இல்லை. உலகத்தில் எனக்கென்று மட்டும் இருக்கிற உயிர் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அப்பா கோர்ட்டில் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு போவது, நான் சிதம்பரத்தில் பெரியம்மா வீட்டில் இருப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசி எல்லாருக்கும் இடம் பார்த்துவிட்டார்கள். சர்க்கரைக்கு மட்டும் யாரும் இடம் பார்க்கவில்லை.

பெரியம்மா வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்றுதான் நான் இருந்தேன். ஆனால் பெரியப்பா அரிசி மண்டி வைத்திருந்தார். "ஊரே அரிசிக்கு அலையுது. மண்டிக்காரன் வூட்டுல எலி வளக்கிறாங்கன்னு தெரிஞ்சா கட வாசல்ல நின்னு சிரிப்பானுங்க" என்று மாமாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். என் வகுப்புத் தோழி வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தது. தோட்டத்தில் விட்டுவிட்டால் அதுவே பிழைத்துக்கொள்ளும் என்று அப்பா ஒரு யோசனை சொன்னார். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுததில் அந்த யோசனையும் போயிற்று. மிஞ்சியது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவுக்கும் என் வயதுதான். அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாடுவாள். நல்ல குரல். எனக்கு அவளைப் பிடிக்காமல் போவதற்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. கேட்டவுடன் சந்தோஷமாகச் சம்மதித்தாள். அந்தச் சந்தோஷமும் எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியை அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். குருணை, பொரி, ஒரு துண்டு வெள்ளரிக்காய். தேங்காய் கூடாது. வைக்கோலை மாற்ற வேண்டும். எறும்பு வராமல் பெட்டியைச் சுற்றி மஞ்சள்பொடி போட வேண்டும்.

"கூப்புட்டா வருமா?" என்றாள் ஸ்டெல்லா.

"வராது. என்கிட்ட மட்டுந்தான் வரும்."

"எப்பிடிக் கூப்புடுவே?"

நான் சொல்லித் தரவில்லை.

சிதம்பரத்தில் பெரியம்மா என்னைத் தரையில் விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்து, வலிக்காமல் பின்னி, மரிக்கொழுந்து வைத்துவிடுவார்கள். தேர்முட்டிப் பக்கம் அழைத்துப்போய் வளையல் வாங்கித் தந்தார்கள். மண்டியிலிருந்து பெரியப்பா வந்தால் அவருக்கு முன்னால் எனக்குச் சோறு விழும். நானும் அந்த வீட்டுக்கே பிறந்தவள்போல அதையெல்லாம் வாங்கிக்கொண்டேன்.

மாமாவும் அந்த வீட்டில்தான் இருந்தார். ஒருநாள் கடலூர் போய் எங்கள் வீட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாக, என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "ஒன் எலி ஜோரா இருக்குது. அந்தப் பொண்ணு பாடுது, அது தோள்ல ஏறி ஒக்காந்துகிட்டுக் கேக்குது" என்றார்.

"யாரு தோள்ல?"

"ஸ்டெல்லா தோள்லதான்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கித் தந்த வளையல் வேண்டியிருக்கவில்லை. என் தோளில் படுக்கிற எலி இன்னொருத்தி தோளில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறது என்ற நினைப்பு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்தது. எனக்குப் பாட வராது என்பது அதற்கும் தெரிந்துபோயிருக்கும். பெரியம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு, "அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது கண்ணு, நல்லபடியா வந்துடுவா" என்று தலையைத் தடவினார்கள். தூக்கத்தில் நான் சர்க்கரை, சர்க்கரை என்று பிதற்றினேனாம். மறுநாள் முதல் பாலில் இரண்டு மடங்கு சர்க்கரை விழுந்தது. வீட்டுக்கு வருகிற போகிற எல்லாரும், அம்மாவை நினைத்து ஏங்குகிற பிள்ளை என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் யாரையும் திருத்தவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அம்மா வீடு திரும்பியதும் அப்பா என்னை அழைத்துப்போக வந்தார். தங்கைக்கு ஒத்தாசையாகக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று பெரியம்மாவும் கிளம்பினார்கள். ரயிலில் அவர்கள் மடியில் தலைவைத்துப் படுத்து வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள். நான், "இதோ வந்துட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்கதவு வழியாக ஸ்டெல்லா வீட்டுக்கு ஓடினேன்.

பெட்டி சுத்தமாக இருந்தது. மஞ்சள்பொடிக்கோடு அழியாமல் இருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது என் ஆத்திரத்தை ஏற்றியது. நான் வலையைத் திறந்து நாக்கைத் தட்டினேன். வைக்கோல் அசையவில்லை. மறுபடி தட்டினேன். சர்க்கரை மூக்கை மட்டும் நீட்டி, என் விரலை முகர்ந்துவிட்டு உள்ளே போய்விட்டது.

ஸ்டெல்லா மெதுவாக ஏதோ முனகினாள். பாட்டுகூட இல்லை, பாட்டின் தொடக்கம். அது ஓடிவந்து அவள் கையில் ஏறி, பின்னலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

"பசிச்சிருக்கும். அதான்" என்றாள் அவள், எனக்காக.

"குடுடி" என்று பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் அவள் அழுவது கேட்டது. அந்தக் குரலும் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு, "வாடி, பின்னி உடுறேன்" என்று கூப்பிட்டாள். நான் பெட்டி முன்னால் உட்கார்ந்து சர்க்கரையை வெளியே வரவழைக்கப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ இழுத்துப் பின்னுவே, வலிக்கும். பெரியம்மாகிட்ட பின்னிக்கிறேன்" என்றேன்.

அடுக்களையிலிருந்து வந்த பெரியம்மா சீப்புக்குக் கை நீட்டினார்கள். அம்மா கொடுக்கவில்லை.

"அத்தான் அங்க மண்டியில தனியா கஷ்டப்படுவாரு. நீ சாயங்கால வண்டிக்கே கெளம்புக்கா."

"ஒனக்கு இன்னும் தையலே ஆறலியேடி."

"நான் பாத்துக்குவேன். எல்லாத்தையும் நானே பாத்துக்குவேன்."

பெரியம்மா கொடியில் காய்ந்த புடவையை எடுத்து மடித்துப் பையில் வைத்தார்கள். மாலையில் அப்பாவோடு குதிரைவண்டியில் ஏறும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை அழுதுகொண்டே ஓடினேன். என்னை அழைத்துவர அம்மா யாரையும் அனுப்பவில்லை.

திரும்பி வந்து மறுபடியும் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். கையை உள்ளே விட்டுச் சர்க்கரையைத் துரத்தித் துரத்திப் பிடிக்கப் பார்த்தேன். அது மூலைக்கு மூலை ஓடியது. அப்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துவந்து, வயிற்றில் கைவைத்தபடி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எலி என்றாலே முகம் சுளிக்கிறவள், அந்தப் பெட்டி அருகில் அதுவரை வந்ததே இல்லை.

"தொரத்தாதே. கைய வெச்சிட்டுச் சும்மா இரு."

"அது என்னை மறந்துடுச்சிம்மா."

"மறக்காது. கொஞ்ச நாளு வேற கையில சாப்புட்டுது, அவ்வளவுதான். கோவிச்சுக்கிட்டா வராது. நீ பாட்டுக்கு இரு, தானா வரும்."

"நெசமாவா?"

"வரும்" என்றாள் அம்மா. அவள் கண் பெட்டியின் மேல் இல்லை. அவள் கை என் தலையில் இருந்தது. சிக்கை ஒவ்வொரு இழையாக, இழுக்காமல் பிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் தயங்கி நின்ற ஸ்டெல்லாவிடம், எங்கள் அம்மாவுக்கு எலிமேல் பிரியம் வந்துவிட்டது என்று பெருமையடித்துக்கொண்டேன்.