சேற்றுக்கும் தார் ரோட்டுக்கும் ஒரே சைக்கிள்

சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் "எது நல்லது?" என்றுதான் கேட்பார்கள், "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டு, பதிலைக் காதில் வாங்குவதுதான் எங்கள் தொழில். திருச்சி தில்லைநகரில் ஒரு கடையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

பத்து நாள் பொறுக்க முடியாமல்

கலைவாணிக்கு இருபத்திரண்டு வயது. லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறாள். தினமும் சைக்கிளில்தான் வேலைக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றுப் பந்தயம். ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி கேட்டாள்.

சைக்ளோகிராஸ் வண்டியைக் காட்டினேன். ரோடு சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில். சேறு அடைக்காமல் இருக்க சக்கரத்தைச் சுற்றி நல்ல இடைவெளி. "பந்தயத்துக்குக் குமிழ் குமிழா இருக்கிற பட்டன் டயர், ரோட்டுக்கு வழவழ டயர். மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்" என்றேன். அதுவரை சரி. ரோட்டு டயர் கையிருப்பில் இல்லை, வர பத்து நாள் ஆகும். அவளுக்கோ அந்த ஞாயிறே பந்தயம். வந்த ஆளை விட மனசில்லாமல், "அதுவரைக்கும் பட்டன் டயர்லயே வேலைக்குப் போம்மா. காத்தைக் கெட்டியா ஏத்திக்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் செயின் மாட்டிக்கொண்டிருந்த எங்கள் மெக்கானிக் இஸ்மாயில் பாய் நிமிர்ந்து பார்த்தார். "காத்து ஏத்துனா ஈர ரோட்டுல இன்னும்தான் வழுக்கும். வளைவுல பிடிக்காதுங்க." நான் அதற்குள் பில் போட ஆரம்பித்திருந்தேன்.

ஸ்ரீரங்கத்து மாமா

அதே வாரம், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பளிச்சென்று திருமண், கையில் ஒரு சின்ன நோட்டு. சைக்ளோகிராஸ் வண்டிக்கும் ரோடு வண்டிக்கும் என்ன வித்தியாசம், எந்த டயர் எதற்கு என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அரை மணி நேரம் விளக்கினேன். எழுபது வயதில் இந்த வண்டி முதுகுக்கு ஆகாதே என்ற கவலையில், "உங்களுக்கு வேற மாடல் காட்டட்டுங்களா?" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். "வாங்கறதுக்கு வரலைப்பா. பையன் வெளிநாட்டுல இருக்கான். வாரத்துக்கு ஒரு தரம் கூப்பிடறான், பேசறதெல்லாம் இந்த சைக்கிளைப் பத்திதான். நான் வெறுமனே 'உம்' கொட்டிண்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல வச்சுடறான்."

டோல்கேட் வளைவு

ஞாயிறு பந்தயத்தில் கலைவாணி மூன்றாவதாக வந்தாள். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளையாக ஒரு போட்டோ அனுப்பினாள். அடுத்த மாதம் மாநில அணித் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடையில் எல்லோரிடமும் காட்டினேன்.

புதன்கிழமை காலையில் தூறல். நம்பர் ஒன் டோல்கேட் வளைவில் வண்டியைச் சாய்த்துத் திருப்பியபோது முன்சக்கரம் வழுக்கியிருக்கிறது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. வண்டியில் ஒட்டியிருந்த எங்கள் கடை நம்பரைப் பார்த்து அவள் அப்பாதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். விழுந்ததைச் சொல்லி முடித்ததும் சேர்த்துச் சொன்னார்: "வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்க சார். உங்ககிட்ட அதைச் சொல்லச் சொல்லுது பாப்பா."

லால்குடிக்குப் போனது

ரோட்டு டயர் சொன்னபடி பத்தாம் நாள் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கையில் பிளேட் வைத்துக் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு முழுசாக மடங்காது, தேர்வுக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் அம்மா காபி கொண்டுவந்தார். டம்ளரை அப்படியே கீழே வைத்தேன்.

"தப்பு என்னுதும்மா. விக்கணும்னு சொன்னேன்" என்றேன். ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் மடியில் வைத்த டயரை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "பாய் சொன்னது எனக்கும் கேட்டுச்சுண்ணே. பந்தயத்துக்குப் போற ஆசையில நீங்க சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு."

மறுபடியும் வந்தாள்

ஆறு மாதம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பட்டறையில் லேத் வேலை போய், அளவு சரிபார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். வளைந்த ஹேண்டிலில் வலது கையால் பிரேக்கை எட்ட முடியவில்லை. இஸ்மாயில் பாய் அதைக் கழற்றிவிட்டு நேர் ஹேண்டில் போட்டு, லீவரை அவள் விரலுக்கு வாகாகத் திருப்பி வைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது.

தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பட்டன் டயர் இரண்டையும் பையிலிருந்து எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தாள். "ரோட்டுக்கு நல்ல வண்டிண்ணே இது. இந்த டயரை வேற யாராவது பந்தயத்துக்குப் போறவங்களுக்குக் குடுத்துடுங்க."

இப்போதெல்லாம் எதுக்கு, எந்த ரோட்டுக்கு என்று கேட்டு முடித்து ஒரு சைக்கிள் விற்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, பாதிப்பேர் பொறுமையிழந்து வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள், முதலாளி பேசியே விற்ற என் வாய்க்கு என்ன ஆச்சு என்று இஸ்மாயில் பாயிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.